உதவித்தொகையும் கல்விக்கடனும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவரும் நாளில் ஒவ்வோர் இல்லத்திலும் இரண்டு வினாக்கள் எழுகின்றன. எந்தக் கல்லூரியில் எதனைப் படிப்பது என்பது ஒன்று. அதற்குரிய பணத்திற்கு எங்கே போவது என்பது மற்றொன்று. முதல் வினாவிற்கு உற்றாரும் ஊராரும் தாமே வந்து விடை கூறுவர். இரண்டாம் வினாவைப் பற்றித் தாயும் தந்தையும் விளக்கை அணைத்த பின் தணிந்த குரலில் பேசிக்கொள்வர். மாணாக்கர் செவியில் அப்பேச்சு பெரும்பாலும் விழுவதில்லை. ஆனால், அவர்கள் அறிந்திருக்க வேண்டிய பேச்சு அதுவேயாகும். கல்லூரிப் படிப்பிற்காக வங்கியில் வாங்கப்படும் கடன் பத்திரத்தில் பெற்றோரின் கையெழுத்தோடு மாணாக்கரின் கையெழுத்தும் இடம் பெறுகிறது. பதினெட்டு வயதில் இடும் அக்கையெழுத்து, முப்பது வயது கடந்த பின்னும் அவரைத் தொடர்ந்து வரக்கூடும்.

கல்விக்காகக் கடன்படுதல் தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. வங்கிகள் கல்விக்கடன் வழங்கத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே நிலத்தை ஒற்றிவைத்தும், நகையை அடகுவைத்தும், கைம்மாற்று வாங்கியும் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் பல. இராமேசுவரத்து இளைஞராகிய அப்துல் கலாமுக்குச் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் இடம் கிடைத்தது. சேர்வதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. அவருடைய தந்தையாரிடம் அவ்வளவு பணம் இல்லை. தமக்கையார் சோகரா தம்முடைய பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகுவைத்து அப்பணத்தைத் தந்தார். தாம் ஈட்டும் பொருளால் அந்நகைகளை மீட்டுத் தருவதென அன்றே உறுதிகொண்டதாகவும், பணம் பெற அப்போது தமக்கிருந்த ஒரே வழி நன்கு படித்து உதவித்தொகை அடைவதே என்றும் கலாம் தம் வரலாற்று நூலில் எழுதியுள்ளார். கடன், உதவித்தொகை ஆகிய இரண்டும் இந்நிகழ்ச்சியில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று சுமையாக வந்தது. மற்றொன்று அச்சுமையை இறக்கும் வழியாகத் தோன்றியது.

இவ்விரண்டையும் பிரித்தறிதலே முதற்கண் வேண்டுவது. உதவித்தொகை என்பது திருப்பித் தரவேண்டாத பொருள். கடன் என்பது வட்டியோடு திருப்பித் தரவேண்டிய பொருள். இஃது யாவரும் அறிந்ததே அன்றோ எனத் தோன்றலாம். ஆயினும், கல்லூரி விளம்பரங்களிலும் சேர்க்கை அறிவிப்புகளிலும் ‘நிதியுதவி’ என்னும் ஒரே சொல் இரண்டையும் சேர்த்துக் குறிப்பதுண்டு. ‘நிதியுதவிக்கு ஏற்பாடு செய்து தரப்படும்’ என்ற வரியைக் கண்டு மகிழும் பெற்றோர், பின்னர் வங்கியின் விண்ணப்பப் படிவத்தைக் காணும்போதுதான் அது கடன் என்று உணர்வர். ஆதலின், உதவி என்று யார் எதனைக் கூறினும், ‘இதனைத் திருப்பித் தரவேண்டுமா?’ என்று கேட்டறிதல் நன்று. அவ்வாறு கேட்பதில் நாணத்திற்கு இடமில்லை.

திருப்பித் தரவேண்டாத பொருள் என்பதனால் உதவித்தொகை நிபந்தனையின்றி வருவது என்று எண்ணிவிடலாகாது. கணித மேதை இராமானுசனின் இளமை வரலாறு இதனை நன்கு விளக்கும். கும்பகோணத்தில் பள்ளிப் படிப்பை முடித்த அவர், 1904ஆம் ஆண்டில் உதவித்தொகையுடன் அவ்வூர் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தார். அவர் உள்ளம் முழுவதும் கணிதத்திலேயே தோய்ந்திருந்தது. ஏனைய பாடங்கள் புறக்கணிக்கப்பட்டன. ஆங்கிலத்தில் அவர் தேர்ச்சி பெறவில்லை, உதவித்தொகை நிறுத்தப்பட்டது. கல்லூரியில் ஒரு பருவத்திற்குரிய கட்டணம் 32 ரூபாய். துணிக்கடையிற் கணக்கெழுதிய தந்தைக்கு அஃது ஒன்றரை மாத வருமானம். மகனின் கணித ஆற்றலைக் கல்லூரி அறியாமலில்லை. ஆனால், உதவித்தொகையின் விதி எல்லாப் பாடங்களுக்கும் பொதுவாக இருந்தது. 1905ஆம் ஆண்டில் இராமானுசன் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்குப் புறப்பட்டுச் சென்றுவிட்டார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் பட்டம் பெறவில்லை. 1912ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார்.

நிறுத்தப்பட்ட உதவித்தொகை அவரைக் கல்லூரியினின்று வெளியேற்றியது எனில், மற்றோர் உதவித்தொகை அவரை மீண்டும் கல்வி உலகிற்குள் கொண்டு வந்தது. 1913ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் பெறாத அவருக்கு, மாதம் 75 ரூபாய் வீதம் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. எழுத்தர் பணியை விடுத்து முழு நேரமும் கணிதத்தில் ஈடுபட அதுவே வழிசெய்தது. அடுத்த ஆண்டு அவர் இங்கிலாந்து சென்றபோது, ஆண்டுக்கு 250 பவுன் அளிக்கவும் அப்பல்கலைக்கழகம் இசைந்தது. அதிலிருந்து மாதம் 60 ரூபாய் கும்பகோணத்திலிருந்த பெற்றோருக்குச் செல்லுமாறு அவர் ஏற்பாடு செய்தார். 1919ஆம் ஆண்டு சனவரியில், நாடு திரும்பும் முன், பல்கலைக்கழகத்திற்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். தமக்கு வழங்கவிருக்கும் தொகையில் பெற்றோருக்கு உரியதும் தம் செலவிற்கு வேண்டியதும் போக எஞ்சுவதை, ஏழைச் சிறுவர்க்கும் ஆதரவற்ற சிறுவர்க்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைப்பதற்கும், பள்ளிகளுக்கு நூல்கள் வாங்குவதற்கும் பயன்படுத்துமாறு அதில் கேட்டுக்கொண்டார். கட்டணம் கட்ட இயலாமையால் நேரும் துன்பத்தை அறிந்தவர் எழுதிய கடிதம் அது.

இராமானுசனுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்த அதே 1913ஆம் ஆண்டில், பரோடா மன்னர் சாயாசிராவ் கெயிக்குவாடு அளித்த உதவித்தொகையால் அம்பேத்கர் அமெரிக்காவிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு உரிய உதவி அது. படிப்பு முடிந்த பின் பரோடா அரசில் பணிபுரிய வேண்டும் என்பது நிபந்தனை. அவ்வாறே 1917ஆம் ஆண்டில் அவர் பரோடா சென்றார். ஆனால், தீண்டாமைக் கொடுமையால் தங்குவதற்கு ஓர் இடமும் பெறாது அந்நகரைவிட்டு வெளியேற நேர்ந்தது. உதவித்தொகை அறிவைத் தேடித் தந்தது. உறைவிடத்தைத் தேடித் தர அதனால் இயலவில்லை. 1944ஆம் ஆண்டில், அம்பேத்கர் வைசிராயின் ஆட்சிக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில், பள்ளி இறுதிக்கு மேற்பட்ட கல்விக்காகப் பட்டியல் சாதி மாணாக்கர்க்கு உதவித்தொகை வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர்ப் பழங்குடி மாணாக்கர்க்கும் உரியதாக்கப்பட்ட இத்திட்டமே, இந்திய நாட்டில் மிகப் பலரைக் கல்லூரி வாயிலுக்குள் அழைத்துச் சென்ற உதவித்தொகைத் திட்டங்களுள் மூத்தது எனலாம்.

தமிழ்நாட்டு மாணாக்கர்க்கென மாநில அரசு தொடங்கிய உதவிகளும் உள. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப் படிப்பிற்குச் செல்வோர், கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியிற் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை பெறும் திட்டம் 2010ஆம் ஆண்டில் வந்தது. இதற்குச் சாதி, வருமானம் ஆகிய வரம்புகள் இல்லை. முதற்பட்டதாரி என்னும் வருவாய்த்துறைச் சான்றிதழே வேண்டும். அரசுப் பள்ளிகளிற் படித்தோர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் சட்டம் 2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 2021ஆம் ஆண்டில் அது பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. அரசுப் பள்ளியிற் பயின்று கல்லூரியிற் சேரும் மாணவியர்க்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022ஆம் ஆண்டிலும், மாணவர்க்கு அவ்வாறே வழங்கும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024ஆம் ஆண்டிலும் தொடங்கின. இத்தகைய திட்டங்களின் விதிகள் ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்படுவதுண்டு. சென்ற ஆண்டு அண்டை வீட்டார் பெற்றதை நம்பியிராமல், சேரும் ஆண்டின் விதியைப் பள்ளித் தலைமையாசிரியரிடமோ கல்லூரி அலுவலகத்திலோ கேட்டறிதல் வேண்டும். வருமானச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் தேர்வு முடிவிற்கு முன்பே கையில் இருப்பின் நன்று. தகுதி இருந்தும் சான்றிதழ் இன்மையால் உதவியை இழந்தோர் பலர்.

உதவி என்று பெயர் பெறாத பேருதவி ஒன்றும் உண்டு. அது அரசுக் கல்லூரியின் குறைந்த கட்டணம். ஒரே படிப்பிற்குச் சுயநிதிக் கல்லூரி பெறும் கட்டணத்தையும் அரசுக் கல்லூரி பெறும் கட்டணத்தையும் அருகருகே எழுதிப் பார்த்தால், அவற்றின் வேறுபாடே அரசு அம்மாணாக்கர்க்கு அளிக்கும் உதவித்தொகை என்பது விளங்கும். அதற்கு விண்ணப்பம் எழுத வேண்டுவதில்லை. கட்டடத்தின் பொலிவையும் பேருந்துகளின் எண்ணிக்கையையும் கண்டு மயங்கி இவ்வுதவியைத் துறந்துவிட்டுப் பின்னர்க் கடனுக்கு அலைவது அறிவுடைமையாகாது.

கிடைக்கும் உதவிகளையெல்லாம் கூட்டிய பின்னும் எஞ்சும் செலவிற்கே கடனை நாட வேண்டும். கற்பதற்குக் கடன் தந்து, கற்றவர் திருப்பித் தரும் பணத்தால் வேறொருவரைக் கற்பிக்கலாம் என்னும் எண்ணம் இந்தியாவில் நூறாண்டுகளுக்கும் முந்தியது. 1892ஆம் ஆண்டில் சாம்செட்சி டாட்டா ஓர் அறநிதியை நிறுவி, வெளிநாட்டில் உயர்கல்வி பெற விரும்பிய இந்தியர்க்குக் கடனாக உதவித்தொகை அளிக்கச் செய்தார். கேரளத்தில் வறிய குடும்பத்திற் பிறந்து, பின்னாளில் குடியரசுத் தலைவராக விளங்கிய கே. ஆர். நாராயணன், இலண்டனிற் படிக்கச் சென்றது டாட்டா உதவியினாலேயே. 1963ஆம் ஆண்டில் இந்திய அரசு தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. அக்கடனுக்கு வட்டி இல்லை. படித்து முடித்து ஆசிரியப் பணி ஏற்போர்க்கு, பணிபுரியும் ஒவ்வோர் ஆண்டிற்கும் கடனில் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி செய்யப்பட்டது. பொருளாற் பட்ட கடனைப் பணியால் அடைக்கும் அந்த ஏற்பாடு எண்ணி மகிழத்தக்கது.

இக்காலக் கல்விக்கடன் வேறு வகையானது. அதனை வழங்குவது வங்கி. அதற்கு வட்டி உண்டு. 2001ஆம் ஆண்டில் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டமே இதற்கு அடிப்படையாகும். நான்கு இலட்சம் ரூபாய் வரையுள்ள கடனுக்குச் சொத்துப் பிணையம் கேட்பதில்லை என்பது அதன் முக்கிய விதி. நிலமும் வீடும் இல்லாதவர் பிள்ளைகளும் வங்கிப் படியேற இவ்விதியே வழிதிறந்தது. 2015ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட கடன் உறுதி நிதியினால் இவ்வரம்பு ஏழரை இலட்சமாக உயர்ந்தது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், தேர்வுக் கட்டணம், நூல்கள், கருவிகள் ஆகியவற்றுக்குக் கடன் பெறலாம். தாயோ தந்தையோ இணைக் கடனாளராகக் கையெழுத்திடுவர். ஒப்புக்கொண்ட தொகை முழுவதையும் வங்கி ஒருங்கே தந்துவிடுவதில்லை. ஆண்டுதோறும் வேண்டும் அளவைக் கல்லூரிக்கே நேராகச் செலுத்துகிறது. படிப்பு முடிந்து மேலும் ஓராண்டு கழியும் வரை தவணை கேட்பதில்லை.

தவணை கேட்கப்படாத அக்காலத்தில் வட்டியும் இல்லை என்று எண்ணுவோர் பலர். இப்பிழையே பல குடும்பங்களைப் பின்னாளில் திகைக்க வைக்கிறது. வங்கி முதல் ரூபாயைச் செலுத்திய நாளிலேயே வட்டி தொடங்கிவிடுகிறது. பள்ளிக் கணக்குப் பாடத்தில் கற்ற தனிவட்டியே இங்குப் பயன்படுகிறது. ஒரு மாணவி நான்காண்டுப் படிப்பிற்கு ஆண்டுத் தொடக்கந்தோறும் ஓர் இலட்சம் ரூபாய் கடன் பெறுகிறாள் எனவும், வட்டி நூற்றுக்குப் பத்து எனவும் கொள்வோமாயின் கணக்கு எளிதாகும். படிப்பின் நான்காண்டும் அதன்பின் ஓராண்டும் சேர்ந்து ஐந்தாண்டு. முதலாண்டில் வாங்கிய இலட்சத்திற்கு ஐந்தாண்டு வட்டி 50,000 ரூபாய். இரண்டாம் இலட்சத்திற்கு 40,000; மூன்றாவதற்கு 30,000; நான்காவதற்கு 20,000. ஆக வட்டி 1,40,000 ரூபாய். வாங்கியது நான்கு இலட்சம்; முதல் தவணை கட்ட வேண்டிய நாளில் நிற்கும் கடனோ 5,40,000 ரூபாய். அதுவரை அசலுக்கு மட்டுமே ஏறிய வட்டி, அன்று அசலோடு சேர்ந்து தானும் அசலாகிவிடுகிறது. அதன்மேல் மீண்டும் வட்டி ஏறுகிறது.

இனி, அதனை அடைக்கும் வகையைக் காண்போம். பத்தாண்டுகளில் அடைப்பதாயின் மாதத் தவணை ஏறத்தாழ 7,136 ரூபாய். முதல் மாதத்தில் கட்டும் அத்தொகையில் 4,500 ரூபாய் வட்டிக்கே போய்விடும். கடனிற் குறைவது 2,636 ரூபாயே. பத்தாண்டு முடிவில் அம்மாணவி செலுத்தியிருக்கும் மொத்தத் தொகை ஏறத்தாழ 8,56,300 ரூபாய். ஐந்தாண்டில் அடைத்தால் மாதத் தவணை 11,473 ரூபாயாக உயரும். ஆனால், மொத்தம் 6,88,400 ரூபாயோடு நின்றுவிடும். பதினைந்தாண்டுக்கு நீட்டினால் மாதத் தவணை 5,803 ரூபாயாகக் குறையும். மொத்தமோ பத்து இலட்சத்தைக் கடந்துவிடும். சிறிய தவணை எளிய தவணையாகத் தோன்றும். ஆனால், அதற்குரிய விலையும் பெரிதாகும்.

இவ்வட்டியின் கடுமையைத் தணிக்கவே 2009-10 கல்வியாண்டு முதல் மைய அரசு ஒரு மானியத் திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. பெற்றோரின் ஆண்டு வருமானம் நான்கரை இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்து மாணாக்கர் தொழிற்கல்வி, தொழில்நுட்பக் கல்வி ஆகியவற்றிற்குப் பெறும் கடனுக்கு, தவணை தொடங்கும் வரையுள்ள வட்டியை அரசே செலுத்தும் என்பது அதன் சாரம். மேற்கூறிய மாணவிக்கு இம்மானியம் கிடைப்பின், நான்கு இலட்சம் நான்கு இலட்சமாகவே நிற்கும். பத்தாண்டுத் தவணை 5,286 ரூபாயாகக் குறையும். மொத்தத்தில் மிச்சமாவது ஏறத்தாழ 2,22,000 ரூபாய். இதற்குரிய வருமானச் சான்றிதழைக் காலத்தில் வங்கியில் சேர்ப்பிக்காமல் விட்டுவிட்டால், அத்தனை தொகையையும் கைநழுவ விட்டதாகும். படிப்பை இடையில் நிறுத்தியோர்க்கு, நோய் காரணமாக நிறுத்தியோர் நீங்கலாக, இம்மானியம் இல்லை. 2024ஆம் ஆண்டு நவம்பரில் மைய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மற்றொரு திட்டம், தேர்ந்தெடுத்த உயர்கல்வி நிறுவனங்களிற் சேர்வோர்க்கு உரியது. எட்டு இலட்சம் ரூபாய் வரை வருமானமுள்ள குடும்பத்தினர்க்கு, பத்து இலட்சம் வரையுள்ள கடனில், படிப்புக் காலத்து வட்டியில் நூற்றுக்கு மூன்றை அரசு ஏற்க அது வகைசெய்தது.

மானியம் கிடைக்காத குடும்பத்திற்கும் வழியில்லாமற் போகவில்லை. படிப்பு நடக்கும்போதே வட்டியை மட்டும் மாதந்தோறும் கட்டி வரலாம். மேற்கண்ட கணக்கில் முதலாண்டு வட்டி மாதத்திற்கு ஏறத்தாழ 833 ரூபாய். இரண்டாம் ஆண்டில் அஃது இருமடங்காகும். இவ்வாறு கட்டுவோர்க்கு வட்டி வீதத்தைச் சிறிது குறைக்கும் வங்கிகளும் உள. வேறொரு சிக்கன வழியும் உண்டு. குடும்பத்திடம் சேமிப்பு ஓர் இலட்சம் இருக்கிறது எனின், அதனை எந்த ஆண்டில் செலவிடுவது? ‘பின்னர் ஆபத்துக்கு ஆகும்’ என்று கடைசி ஆண்டிற்கு வைத்துக்கொண்டால், முதல் மூன்று ஆண்டுக் கடனுக்கும் வட்டி 1,20,000 ரூபாய். அதனையே முதலாண்டுக் கட்டணமாகச் செலுத்திப் பின் மூன்றாண்டுக்குக் கடன் பெற்றால் வட்டி 90,000 ரூபாய். முந்தி வாங்கிய ரூபாயே நெடுங்காலம் வட்டி சுமக்கிறது என்பதனால் வரும் வேறுபாடு இது. கடனுக்கான ஒப்புதலை முதலாண்டிலேயே பெற்றுவைத்து, பணத்தைத் தேவைப்படும் ஆண்டில் மட்டும் எடுக்கலாம். நான்கு இலட்சத்திற்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது என்பதற்காக நான்கு இலட்சத்தையும் வாங்கித் தீரவேண்டும் என்பது இல்லை.

கடன் பத்திரம் பல பக்கங்கள் கொண்டது. ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருப்பதும் உண்டு. வட்டி வீதம் நிலையானதா, மாறக்கூடியதா. தவணை எந்த மாதத்தில் தொடங்கும். மானியத்திற்கு விண்ணப்பிப்பது யார் பொறுப்பு என்னும் மூன்றையும் கிளை மேலாளரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே கையெழுத்திட வேண்டும். படிப்பு முடியவில்லை என்றாலும், வேலை கிடைக்கவில்லை என்றாலும் கடன் கடனாகவே நிற்கும். இங்குதான் பொருளுக்கும் படிப்புத் தேர்விற்கும் உள்ள தொடர்பு வெளிப்படுகிறது. விருப்பமில்லாத படிப்பில், தரமில்லாத கல்லூரியில், கடன் வாங்கிச் சேர்ந்த மாணாக்கர் ஈராண்டில் விலகிவிடுவாராயின், பட்டம் இல்லாத கையில் கடன் மட்டும் எஞ்சும். அதனைத் தீர்க்க முயல்வோர் இணைக் கடனாளராகிய பெற்றோர். கடனுக்கு அஞ்சித் தகுதியுள்ள பிள்ளையைப் படிக்கவிடாமல் நிறுத்துவதும் இதற்கு நிகரான இழப்பே. செவிலியர் படிப்போ பொறியியலோ முடித்து, கடனையும் அடைத்து, தம்பி தங்கையரையும் படிக்கவைத்தவர்கள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இன்று பலர். அவர்களிற் பெரும்பாலோர் வங்கியினின்று வந்த ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்துப் படித்தவர்கள்.

வேலை கிடைக்காமையாலோ, நோயாலோ தவணை கட்ட இயலாத நிலை நேருமாயின், வங்கிக்குச் செல்லாமல் ஒளிவது தவறாகும். நிலைமையை எழுத்தில் தெரிவித்துத் தவணைக் காலத்தை நீட்டித் தருமாறு கேட்கலாம். கட்டத் தவறிய செய்தி கடன் வரலாற்று ஏட்டிற் பதிவாகிவிடும். பின்னர் வீடு கட்டவோ தொழில் தொடங்கவோ கடன் கேட்கும்போது அப்பதிவு குறுக்கே நிற்கும். மாணாக்கரின் பெயரோடு பெற்றோரின் பெயரிலும் அது பதிவாகும் என்பதை மறத்தலாகாது. கையில் மிகுதிப் பணம் சேர்ந்த காலத்தில் தவணைக்கு மேலும் கட்டி அசலைக் குறைத்துக்கொள்ளலாம். இறுதித் தவணை கட்டிய பின், கடன் நிலுவையில்லை என்னும் சான்றிதழை வங்கியிடமிருந்து எழுத்தில் பெறுதல் வேண்டும். பிணையமாகக் கொடுத்த பத்திரங்கள் இருப்பின் அவற்றையும் திரும்பப் பெற்று, கடன் வரலாற்று ஏட்டில் கணக்கு முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று சில மாதங்கள் கழித்துப் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.